அந்த நீலம் எந்த நீலம்?



நம் விமானப்படையின் சூர்யகிரண் குழு வானில் சாகசம் செய்வதை நேரில் பார்த்தவர்கள் நாலு பேரைப் பிடித்து, 'அந்த விமானம் என்ன நிறம்?' என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் 'நல்ல குங்குமச் சிவப்பு' என்பார். அடுத்தவர் 'இல்லை, ஆரஞ்சு' என்று அடித்துச் சொல்வார். மூன்றாமவர் கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டுவார். அதில் இரண்டும் இல்லாமல் ஒரு கரும்சிவப்பு தெரியும். பொய் சொன்னவர் யாரும் இல்லை. எல்லோரும் பார்த்தது ஒரே விமானத்தைத்தான்.

இந்தச் சின்ன விஷயம்தான் எனக்குப் பல வருடங்களாகப் பொழுதுபோக்கு, தலைவலி இரண்டுமாக இருக்கிறது. வான்சாகசக் குழுக்களின் விமானங்களைச் சிறிய அளவில் செய்து, அவற்றுக்கு உரிய நிறத்தையே பூச வேண்டும் என்பது என் ஆசை. சென்ற முறை நம் பிள்ளைகளின் கைவினைக் கண்காட்சியில் என் நீல நிற ஹன்டர் விமானத்தைப் பார்த்த பெற்றோர் பலர், 'இந்த நீலம் எந்தக் கடையில் கிடைக்கிறது?' என்று கேட்டார்கள். கடையில் கிடைக்கவில்லை என்பதே பதில். எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வானில் வரைந்தவர்கள்

திருவனந்தபுரத்தில் வசிக்கும் நமக்கு விமானப்படை புதிதல்ல. அதன் தென்னகக் கட்டளைத் தலைமையகம் 1984 முதல் இங்கே ஆக்குளத்தில்தான் இருக்கிறது. ஆனால் வான்சாகசக் குழுக்களின் கதை பலருக்குத் தெரியாது.

1982-இல் விமானப்படையின் பொன்விழாவையொட்டி 'தண்டர்போல்ட்ஸ்' என்ற குழு உருவானது. ஒன்பது ஹன்டர் விமானங்கள். நிறம் நீலமும் வெள்ளையும். 1980-களின் இறுதி வரை அவை பறந்தன. பிறகு 1996 மே மாதம் கர்நாடகத்தின் பீதரில் சூர்யகிரண் பிறந்தது. அதன் முதல் பொது நிகழ்ச்சி அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று நம் கோயம்புத்தூரில், விமானப்படை நிர்வாகக் கல்லூரியின் பொன்விழாவில் நடந்தது. அவர்கள் ஓட்டியது இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரித்த கிரண் பயிற்சி விமானம். பயிற்சி விமானங்களுக்குத் தட்டுப்பாடு வந்ததால் 2011-இல் குழு நிறுத்தப்பட்டது. 2015-இல் ஹாக் விமானங்களோடு மீண்டும் பறக்கத் தொடங்கியது. சிவப்பும் வெள்ளையும் மட்டும் மாறவில்லை. 2003-இல் உருவான 'சாரங்' ஹெலிகாப்டர் குழுவுக்கு இன்று இருப்பிடம் கோவைக்கு அருகே உள்ள சூலூர். சாரங் என்றால் மயில். ஹெலிகாப்டரின் உடம்பிலும் மயில்தான்.

இவற்றில் என் மனம் போய் நின்றது அந்தப் பழைய நீல ஹன்டரில். காரணம் உண்டு. சூர்யகிரணும் சாரங்கும் இன்றும் பறக்கின்றன. சந்தேகம் வந்தால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். தண்டர்போல்ட்ஸ் பறப்பதில்லை. அதை அருகில் நின்று பார்த்தவர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.

எண்ணில் எழுதிய நிறம்

'நிறத்துக்குத்தான் எண் இருக்கிறதே, அதைப் பார்த்து வாங்கினால் என்ன?' என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். பிரிட்டனில் 1930-லேயே நிறங்களுக்கு எண் கொடுத்துத் தரப்படுத்தினார்கள். அமெரிக்க அரசு 1956-இல் ஐந்து இலக்க முறையைக் கொண்டுவந்தது. அதில் முதல் இலக்கம் பளபளப்பைச் சொல்லும். இரண்டாவது இலக்கம் நிறக் குடும்பத்தைச் சொல்லும். 1946-இல் தொடங்கிய அமெரிக்கக் கடற்படையின் 'ப்ளூ ஏஞ்சல்ஸ்' குழுவின் நீலத்துக்கு 15050 என்று எண். முதலில் உள்ள 1 என்றால் பளபளப்பு, அடுத்த 5 என்றால் நீலம். மாதிரி விமானக்காரர்களுக்கு அது மனப்பாடம்.

நம் நாட்டிலும் இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 5 என்று ஒரு பட்டியல் உண்டு. பிரிட்டிஷ் எண்கள் பல அதில் அப்படியே இருக்கின்றன. 537 என்றால் சிக்னல் ரெட், 538 என்றால் போஸ்ட் ஆபீஸ் ரெட். சாலைக் கம்போளத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் 'பி.ஓ. ரெட்' என்றால் தபால் பெட்டிச் சிவப்பை எடுத்து வைப்பார். 'டி.ஏ. கிரே' என்றால் கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கும் சாம்பல் நிறம் வரும். அது 'டார்க் அட்மிரால்டி கிரே', அதாவது பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தின் பெயரைத் தாங்கிய சாம்பல் என்பது, அதை வீட்டு வாசலில் அடித்திருக்கும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்!

வெளிநாட்டுப் புகழ்பெற்ற குழுக்களுக்குப் பொழுதுபோக்குப் பெயிண்ட் கம்பெனிகள் தனி நிறங்கள் விற்கின்றன. நம் குழுக்களின் பெயர் போட்ட டப்பாவை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. வளைகுடாவிலிருந்து வரும் மருமகனிடம் வாங்கிவரச் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். தீப்பற்றும் எனாமலைப் பயணப் பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுவர அனுமதி கிடையாது.

டப்பாவும் எண்ணும் கிடைத்தாலும் பிரச்சினை தீர்ந்துவிடாது. எண் சொல்வது தொழிற்சாலையை விட்டு வந்த பெயிண்டின் நிறத்தை. நாம் செய்வதோ வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, ஒரு பருவம் முழுக்கப் பறந்த விமானத்தை.

வெயிலும் டியூப்லைட்டும்

ஹன்டரின் நீளம் சுமார் 14 மீட்டர். 72-இல் ஒரு பங்காகச் செய்தால் சுமார் 19 சென்டிமீட்டர், கையில் அடங்கிவிடும். அதை அரை மீட்டர் தூரத்தில் வைத்துப் பார்ப்பது, உண்மை விமானத்தை 36 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். உண்மை விமானத்துக்கு அடித்த அதே பெயிண்டை இந்தச் சின்ன உடம்பில் அடித்தால் கறுத்துக் கனத்துத் தெரியும்.

இடைப்பட்ட காற்றில் உள்ள தூசும் ஈரமும்தான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். 36 மீட்டர் காற்று பெரிய திரையல்ல. முக்கியக் காரணம் வெளிச்சம். நேர் வெயிலில் ஒளியின் அளவு சுமார் ஒரு லட்சம் லக்ஸ். நம் வீட்டு டியூப்லைட்டின் கீழ் சில நூறு லக்ஸ். வெளிச்சம் கூடக்கூட நிறம் நம் கண்ணுக்குத் துடிப்பாகத் தெரியும், குறையக்குறைய மங்கும். ஆகவே வரவேற்பறை அலமாரியில் வைக்கும் விமானத்துக்கு நிறத்தைக் கொஞ்சம் வெளிறச் செய்ய வேண்டும். 72-இல் ஒரு பங்குக்கு 15 சதவீதம், 48-இல் ஒரு பங்குக்கு 10 சதவீதம் என்று இந்தப் பொழுதுபோக்கில் ஒரு கணக்கு உண்டு. அது கைக்கணக்குதான், சட்டமல்ல.

இன்னொரு தொல்லை இதைவிடப் பெரியது. கடையில் குழல்விளக்கின் கீழ் ஒன்றுபோல் இருந்த ரவிக்கைத் துணியும் சேலையும் வீட்டு வாசலுக்கு வந்ததும் வேறு வேறாகத் தெரிவது தாய்மார்களுக்குத் தெரிந்த விஷயம். பெயிண்டிலும் அதேதான். இரண்டு நீலங்களில் கலந்திருக்கும் நிறமிகள் வேறாக இருந்தால் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும், இன்னொன்றில் சண்டை போடும். ஆகவே காலை பத்து மணிவாக்கில், நேர் வெயில் படாத வாசல் வெளிச்சத்தில்தான் நான் நிறம் பார்ப்பேன். இரவில் பார்த்து முடிவு செய்வதில்லை.

கலக்கும் முறை

வீட்டில் முயன்று பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

முதலில் அடிப்பூச்சு. சிவப்பும் ஆரஞ்சும் அடியில் உள்ளதைக் காட்டிக்கொடுக்கும் நிறங்கள். சாம்பல் மேல் அடித்த சிவப்பு சோர்ந்துவிடும், வெள்ளை மேல் அடித்தால் ஒளிரும். சூர்யகிரண் செய்ய நினைப்பவர்கள் வெள்ளை அடிப்பூச்சில் தொடங்குங்கள்.

சிவப்பை வெளிறச் செய்ய வெள்ளையைச் சேர்க்காதீர்கள், ரோஜா நிறமாகிவிடும். ஆரஞ்சு ஒரு சொட்டு போதும். கருக்கச் செய்யக் கறுப்பைச் சேர்த்தால் செங்கல் நிறம் வரும். அதற்குப் பதில் துளி நீலம் விட்டுப் பாருங்கள்.

ஊசி நீக்கிய சிரிஞ்சில் சொட்டு எண்ணிக் கலக்குங்கள், எண்ணியதை உடனே எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் கரண்டியின் முதுகில் பூசிக் காயவிடுங்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் இன்னொன்று. கரண்டியின் வளைவு விமானத்தின் வயிற்று வளைவு போலவே ஒளியை வாங்கும்.

நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை. இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் லாக்கர் பெயிண்டைத் தொடாதீர்கள். அதன் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, நீலத்தின் மேல் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிடும். எந்த மாதமானாலும் சன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள். பிள்ளைகள் பெரியவர் துணையின்றிச் செய்ய வேண்டாம்.

மாமாவின் இரண்டு கண்கள்

இனி அந்த நீலத்துக்கு வருகிறேன். தண்டர்போல்ட்ஸ் பற்றி எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் 1980-களின் வண்ணப் புகைப்படங்கள். அந்தக் காலத்துப் படத்தாளில் மூன்று சாயங்கள் உண்டு. மூன்றும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. அதனால்தான் நம் வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் சில சிவந்துபோய், சில மஞ்சளடித்து நிற்கின்றன. ஒரு படத்தில் ஹன்டர் மயில்கழுத்து நிறம், இன்னொன்றில் கத்தரிப்பூ நிறம். எதை நம்புவது?

அப்போது எனக்கு நினைவு வந்தவர் கரமனையில் இருக்கும் ஒரு பெரியவர். நாகர்கோவில்காரர், எண்பதை நெருங்குகிறவர். எங்கள் குடும்பத்துக்கு அவர் 'மாமா'. விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலை பார்த்த வடநாட்டுத் தளத்துக்குத் தண்டர்போல்ட்ஸ் ஒருமுறை நிகழ்ச்சிக்கு வந்தபோது, வந்து இறங்கும் விமானங்களைக் கவனிக்கும் பணியில் இருந்தவர். அந்த நீலத்தைக் கையால் தொட்டவர்.

மூன்று கரண்டிகளில் மூன்று நீலம் பூசி, பின்பக்கம் எண் எழுதி எடுத்துப் போனேன். முதலாவது ஊதா கலந்த பளீர் நீலம். இரண்டாவது சற்று அடங்கிய ராயல் ப்ளூ. மூன்றாவது பச்சைச் சாயல் உள்ளது. வாசல் வெளிச்சத்தில் மாமா நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தயங்காமல் முதலாவதை எடுத்தார். 'மத்ததுல பச்சை ஓடுது, கேட்டியா' என்றார்.

எனக்கு உறுத்தியது. இரண்டாவது கரண்டியில் பச்சையே கிடையாது, கலந்தவன் நான். அத்தைதான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: 'மாமாக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. அடுத்த மாசம் ஆபரேசன்.'

கண்புரை என்றால் பார்வை மங்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. மஞ்சள் கண்ணாடி வழியே பார்ப்பதுபோல, நீலமும் ஊதாவும் உள்ளே போகாமல் தடுக்கப்படும். மெல்ல மெல்ல வருவதால் நமக்குத் தெரிவதில்லை. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் தம் கடைசிக் காலத்தில் நிறங்களும் பார்வையும் பற்றித்தான் ஆராய்ந்தார். 1968-இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பெயிண்டைப் போலவே பார்க்கிற கண்ணையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது அன்று எனக்கு நேரில் விளங்கியது.

கரண்டிகளைப் பத்திரமாக எடுத்து வைத்துக் காத்திருந்தேன். முதலில் வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இடது கண்ணுக்குச் சில வாரம் கழித்து நாள் குறித்திருந்தார்கள். புதுக் கண்ணுக்குத் தொடக்கத்தில் எல்லாம் நீலம் பாய்ந்ததுபோல் தெரியும், நாளடைவில் மூளை பழகிக்கொள்ளும் என்பதால் உடனே போகவில்லை. மூன்று வாரம் கழித்து அதே வாசலில் அதே பத்து மணிக்கு உட்கார்ந்தோம்.

இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தவர் இரண்டாவது கரண்டியை எடுத்தார். வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தபோது பழையபடி முதலாவதையே எடுத்தார். மறுபடி மாற்றினார். மறுபடியும் அதேதான். கரண்டிகளை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

'அப்போ இத்தனை வருசமா நான் கடல்னு பார்த்தது எந்த நிறத்தைத் தம்பி?' என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு அவரே அத்தையைக் கூப்பிட்டு, உடுத்தியிருந்த சேலையை வலது கண்ணால் பார்த்து, 'இது நீலமாட்டி? பச்சைன்னுல்லா நினைச்சேன்' என்றார். 'நீங்கதானே பொங்கலுக்கு வாங்கித் தந்தீங்க' என்று அத்தை சிரித்தார்.

தண்டர்போல்ட்ஸைப் பார்த்தபோது அவர் கண்ணில் புரை இல்லை. ஆகவே அன்றைய பார்வைக்கு அருகில் இருப்பது ஆபரேசன் ஆன வலது கண்தான். ஆனாலும் அது ஒரு சாட்சி மட்டுமே. நினைவில் இருக்கும் நிறம் பெரும்பாலும் உண்மையைவிடச் சற்றுக் கூடுதல் துடிப்போடு இருக்கும் என்பது பார்வை பற்றி ஆராய்ந்தவர்கள் கண்டது. இரண்டாவது சாட்சி தேவைப்பட்டது.

அது புகைப்படத்திலேயே இருந்தது. ஹன்டரில் நீலத்தோடு வெள்ளையும் உண்டல்லவா? வெள்ளை வெள்ளையாக இருந்தாக வேண்டும். படத்தில் அது மஞ்சளாக இருந்தால் எவ்வளவு மஞ்சள் ஏறியிருக்கிறதோ அதை நீலத்திலிருந்தும் கழிக்கலாம். கம்ப்யூட்டரில் இதைச் செய்ய இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். மயில்கழுத்து நீலமும் கத்தரிப்பூ நீலமும் வெள்ளையைச் சரிசெய்ததும் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. நின்ற இடம் மாமா எடுத்த இரண்டாவது கரண்டிக்குப் பக்கத்தில், அதைவிடச் சற்றே அடங்கிய நிறத்தில்.

அதன்படி நாலாவது கரண்டி பூசி எடுத்துப் போனேன். வலது கண்ணால் பார்த்தார். வெயிலுக்கு ஒருமுறை சாய்த்துப் பார்த்தார். 'இதுதான். ஆனா வால் பக்கம் இவ்வளவு சுத்தமா இருக்காது. புகை பட்டு மங்கியிருக்கும். அதையும் போடு' என்றார். போட்டேன்.

ராயல் ப்ளூ பன்னிரண்டு சொட்டு, வெள்ளை இரண்டு, கறுப்பு ஒன்று என்பது என் கலவை. உங்கள் டப்பாவுக்கு அது அப்படியே பொருந்தாமல் போகலாம். அதனால் விமானம் நிற்கும் பலகையின் அடியில் கலவையோடு இன்னும் சில வரிகள் எழுதி ஒட்டியிருக்கிறேன்: எந்த வெளிச்சத்தில் பார்த்தது, யார் பார்த்தது, எந்தக் கண்ணால் பார்த்தது, என்ன தேதி.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில் விமானப்படை, ரயில்வே, கப்பல், ராக்கெட் நிலையம் என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் தினமும் தொட்டுத் துடைத்த இயந்திரங்களில் பல இன்று ஓடுவதில்லை, பறப்பதில்லை. அவற்றின் நீளமும் எடையும் புத்தகத்தில் இருக்கும். நிறம் அவர்கள் கண்ணில்தான் இருக்கிறது. மாமாவுக்கு இப்போது இரண்டு கண்ணும் தெளிவு. ஆனால் எல்லா வீட்டு மாமாக்களுக்கும் காலம் காத்திருக்காது.

பெயிண்ட் கடைகளில் இலவசமாகத் தரும் நிற அட்டை ஒன்றை வாங்கி, காலை வெளிச்சத்தில் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். 'நீங்கள் வேலை பார்த்த வண்டி என்ன நிறம்?' என்று கேளுங்கள். அவர் தொட்டுக் காட்டும் கட்டத்தின் எண்ணைத் தேதியோடு குறித்து வையுங்கள். கண் ஆபரேசனுக்கு நாள் குறித்திருந்தால் அதற்கு முன் ஒருமுறையும் ஒரு மாதம் கழித்து ஒருமுறையும் கேளுங்கள். 1980-களில் எடுத்த வான்சாகசப் படங்களோ ஸ்லைடுகளோ யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். வெளுத்துப்போயிருந்தாலும் பரவாயில்லை. விமானத்தின் வெள்ளைப் பகுதி மட்டும் ஓரமாவது தெரிந்தால் போதும்.